ஐந்து வரியும் ஒன்பதினாயிரப் படியும்

விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டைப் பக்கம், தாயில்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். அந்த ஊரின் பெயர் பத்திரிகையில் வரும்போதெல்லாம் பெரும்பாலும் பக்கத்தில் ஓர் எண்ணும் சேர்ந்து வரும். வெடி விபத்து, இத்தனை பேர் பலி என்று. மற்ற நாட்களில் அப்படி ஓர் ஊர் உண்டா இல்லையா என்று வெளியூர்க்காரர் யாரும் விசாரிப்பதில்லை. கரிசல் பூமி. அதன் நடுவே பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீஸ்களும். தீப்பெட்டித் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். முதல் தடவை கேட்டபோது, இந்தச் சின்ன ஊரில் இத்தனை குமாஸ்தாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு.

என் மைத்துனி அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. ஆறாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு நாள் மாலை அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பள்ளி விட்டாகிவிட்டது. வராந்தா பெஞ்சியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக் கொண்டிருந்தாள். அப்போது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றி விட்டுவிட்டு வந்து நின்றார். அவருடைய மகள் அவளிடம் படிக்கிறாள்.

"டீச்சர், தப்பா நினைக்கக் கூடாது. இந்த நோட்டு வாங்கிக் கொடுத்து ஆறு மாசம் ஆச்சு. பாதிகூட நிறையலை. பக்கத்து வீட்டுப் பையன் வேற பள்ளிக்கூடத்துல படிக்கிறான். தினம் நாலு பக்கம் எழுதுறான். எம் பிள்ளை அஞ்சு வரி எழுதிட்டு விளையாடப் போயிருது. கேட்டா, டீச்சர் அஞ்சு வரிதான் எழுதச் சொன்னாங்கங்குது."

குரலில் சண்டை இல்லை; கவலைதான் இருந்தது. உழைத்துச் சம்பாதித்த காசில் வாங்கிய நோட்டு வெறுமையாக இருக்கிறதே என்கிற கவலை. என் மைத்துனி, "உட்காருங்க, அண்ணாச்சி" என்று இடம் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அத்தான், நீங்க எழுதுறவங்க. நீங்களே சொல்லுங்களேன்" என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். அளவு முக்கியமல்ல, தரம்தான் முக்கியம் என்பது போல ஒரு வாக்கியம். அவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். அந்த வாக்கியத்தை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் தோன்றிற்று. அன்று சொல்லத் தெரியாததைத்தான் இப்போது எழுதப் போகிறேன். அதற்குத் தாயில்பட்டியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை போக வேண்டியிருக்கிறது. காலத்திலும் எண்ணூறு ஆண்டு பின்னே போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எழுத்தை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் நேற்று வந்ததல்ல.

அச்சு இல்லாத காலத்தில் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் ஓலையில் ஆள் வைத்துப் பிரதி எழுத வேண்டும். எழுதுகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். எதைக் கணக்காக வைத்துக் கொடுப்பது? ஓலைக்கு ஓலை நீளம் வேறு; கைக்குக் கை எழுத்தின் பருமன் வேறு. ஆகவே எழுத்தை எண்ணினார்கள். முப்பத்திரண்டு எழுத்து ஒரு கிரந்தம். இத்தனை கிரந்தத்துக்கு இத்தனை கூலி. இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் வேரூன்றி விட்டதென்றால், நூல்களின் பெயராகவே ஆகிவிட்டது. திருவாய்மொழிக்கு வைணவ ஆசாரியர்கள் செய்த உரைகளின் பெயரைப் பாருங்கள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. படி என்பதும் அந்த முப்பத்திரண்டு எழுத்துக் கணக்குத்தான். பக்திச் சுவை ததும்பும் உரைகளுக்கு நெல் அளந்தது போலப் பெயர்! எண்ணிக்கையை இவ்வளவு பகிரங்கமாக நெற்றியில் எழுதிக்கொண்ட இலக்கியம் வேறு எங்கேனும் உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

இவற்றில் ஒன்பதினாயிரப்படியைப் பற்றிக் குருபரம்பரை வரலாறுகளில் ஒரு செய்தி வருகிறது. அதை எழுதியவர் நஞ்சீயர். பராசர பட்டருடைய சீடர். கன்னட நாட்டில் பெரிய வேதாந்தியாக இருந்து, செல்வத்தையெல்லாம் விட்டுத் துறவியாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர். உரையை எழுதி முடித்ததும், அதை நல்ல கையெழுத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. யாரிடம் கொடுக்கலாம் என்று விசாரித்தார். நம்பூர் வரதராசர் என்பவரைச் சொன்னார்கள். நஞ்சீயர் அவரை அழைத்து மாதிரிக்கு எழுதச் சொல்லிப் பார்த்தார். கையெழுத்து பிடித்திருந்தது. ஆனாலும் உடனே ஏட்டைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. உரை முழுவதையும் ஒரு முறை அவருக்குப் பாடம் சொன்னார். பொருள் தெரியாமல் எழுதுகிற கை நல்ல கை ஆகாது என்று எண்ணியிருப்பார் போலும்.

வரதராசர் தம் ஊரிலே இருந்து எழுதி வருவதாகச் சொல்லி, சுவடியை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். நடுவே காவிரி. சுவடிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நடு ஆற்றில் வெள்ளம் இழுத்துவிட்டது. அவர் பிழைத்துக் கரையேறினார், சுவடி போய்விட்டது. குருநாதர் எழுதிய ஒரே பிரதி. ஒன்பதினாயிரத்தை முப்பத்திரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 2,88,000 எழுத்து. எழுத்தாணியால் ஒவ்வொன்றாகக் கீறிய எழுத்து. பேனாவை மேஜையில் வைத்த இடம் மறந்துபோனாலே அன்றைய வேலையை நிறுத்திவிடுகிற என் போன்றவர்களுக்கு, அந்தக் கரையில் அந்த மனிதர் நின்ற நிலையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அவர் ஓடி ஒளியவில்லை. வெற்று ஓலைகள் வாங்கி, கேட்ட பாடத்தை நினைவில் கொண்டு, உரை முழுவதையும் எழுதத் தொடங்கினார். எழுதும்போது, தமிழில் தேர்ந்தவராகையால், சில இடங்களில் ஆசிரியர் சொன்னதைவிடப் பொருத்தமாகத் தமக்குத் தோன்றிய பொருளையும் சேர்த்து எழுதினார். கொண்டுபோய் நஞ்சீயர் முன் வைத்தார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரதி எழுதுகிறவன் மூலத்தை மாற்றுவது பெரிய குற்றம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம்மவர்கள் பழமொழியே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதோடு, வந்திருப்பதும் ஒன்பதினாயிரப் படிதான். கட்டின் கனம் சரியாக இருக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. படிக்கணக்கு மட்டும் பார்க்கிற ஆசிரியராயிருந்தால், "பேஷ், வைத்துவிட்டுப் போ" என்று சொல்லியிருப்பார். சில இடங்களில் வேறு பொருள் இருப்பது அவருக்குத் தெரிந்தே இருக்காது.

நஞ்சீயருக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவர் படித்தார். தாம் எழுதியதோடு ஒவ்வாத இடங்கள் இருப்பதைக் கண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். வரதராசர் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னார். நஞ்சீயர் கோபிக்கவில்லை. சேர்த்து எழுதியவை தம்முடைய பொருளைவிடச் சிறந்திருக்கின்றன என்று கண்டு ஆனந்தப்பட்டு, அவரைத் தழுவிக்கொண்டு, 'நம் பிள்ளை' என்றார். அந்த அழைப்பே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. பின்னால் நஞ்சீயருக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஆசாரிய பீடத்தில் அமர்ந்த நம்பிள்ளை இவர்தான். இருபத்து நாலாயிரப்படியை எழுதிய பெரியவாச்சான் பிள்ளை இவருடைய சீடர். பகலில் இவர் சொன்னதை இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதி வைத்த வடக்குத் திருவீதிப் பிள்ளையும் சீடர். அதுதான் ஈடு என்று வழங்கும் முப்பத்தாறாயிரப்படி. அனுமதி இல்லாமல் எழுதியது என்று நம்பிள்ளை அதைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார் என்பது தனிக் கதை.

இந்த வரலாறு நடந்தது நடந்தபடியே வந்திருக்கிறதா, சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கிறதா என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுகிறேன். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் பிடித்தது ஒன்று. மாணவன் எழுதியதன் தரம் தெரிய வேண்டுமானால், ஆசிரியர் அதைப் படித்தாக வேண்டும். எண்ணுவதற்குப் படிக்க வேண்டியதில்லை. தூக்கிப் பார்த்தால் போதும். நஞ்சீயர் அன்று செலவழித்தது எத்தனை நாளோ, எத்தனை விளக்கெண்ணெயோ!

தரம் என்றால் சுருக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே, பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பவணந்தி முனிவர் நன்னூல் செய்தார். அதன் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றங்கள் சொல்கிறார். தேவைக்கு மேல் மிகுத்துச் சொல்வது அதில் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் குற்றம் என்ன தெரியுமா? தேவைக்குக் குறைவாகச் சொல்வது! சோம்பேறி மாணவர்களுக்குப் பவணந்தியார் கதவைத் திறந்து வைக்கவில்லை.

நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தகராறே எழவில்லை. பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். எழுத்து சரியாக வரும்வரை எழுதுவது, வாத்தியார் பார்த்ததும் அழிப்பது. மணலில் எழுதிய பக்கத்தை யார் எண்ணுவார்கள்? 1789-இல் சென்னை எழும்பூர் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் தம் பள்ளியில் அமைத்து, 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். சென்னை முறை என்று இங்கிலாந்தில் அது பிரசித்தமாயிற்று.

மணல் அங்கே போனது. பதிலுக்கு அங்கிருந்து வந்தது கணக்கு. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி, பள்ளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியத்துக்கு ஒரு புது விதி செய்தார். இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய பிள்ளைக்கு 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் அதில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போயிற்று. பிள்ளையை மூன்று கூறாக்கி விலை போட்டாகிவிட்டது! விளைவு, வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளைகளைப் பற்றி அந்நாளில் கதை கதையாகச் சொன்னார்கள். பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்த கவி மாத்யூ அர்னால்ட் தம் அறிக்கைகளில் இந்த முறையைக் கண்டித்து எழுதிக்கொண்டே இருந்தார். அதிகாரிகள் கேட்கவில்லை. கவிகள் எழுதும் அறிக்கைகளுக்கு எந்தக் காலத்திலும் அதுதான் கதி.

அதே 1860-களில் இந்த ஏற்பாடு சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை திண்ணை வாத்தியார் ஊராரை நம்பி வாழ்ந்தவர். அறுவடைக்கு நெல், பண்டிகைக்குத் துணி, பிள்ளை ஏடு தொடங்கினால் தட்சிணை. இப்போது இன்ஸ்பெக்டர் வந்து தேர்ச்சி என்று குறித்த தலைகளுக்குத்தான் காசு. பாவம், அவர் என்ன செய்வார்? எந்தப் பிள்ளை தேறுமோ அதையே திரும்பத் திரும்ப எழுத வைப்பார். தேறாது என்று தெரிந்த பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை இன்னும் நன்றாக எழுதினால் வாத்தியாருக்கு ஒரு தம்பிடிகூட அதிகம் இல்லை. இங்கிலாந்தில் இந்த முறை 1890-களில் ஒழிந்தது. இங்கே 1904-இல் இந்திய அரசாங்கம் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம்தான் அதைக் கைவிடச் சொல்லிற்று. சட்டம் போயிற்று. பழக்கம் போயிற்றா? பரீட்சை மண்டபத்தில் மணி அடிப்பதற்குள் எத்தனை கூடுதல் தாள் வாங்கி நூல் கோத்துக் கட்டினோம் என்பதை வெளியே வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்ட தலைமுறைகளில் நானும் ஒருவன். தாள் கனமாக இருந்தால் மார்க்கும் கனமாக இருக்கும் என்று நம்பினோம். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒருவரிடம் பிற்காலத்தில் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் நாலு பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிற ஒரு வரி விடையைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் வேலை" என்றார்.

பிற்காலத்தில் நான் செய்ததும் அதுதான். தொடர்கதை எழுதிய நாட்களில் வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று ஒப்பந்தம். சரக்கு தீர்ந்துபோன வாரங்களில் சூரியனை அஸ்தமிக்க வைப்பேன். இரண்டு பத்தி தாராளமாக நிரம்பும். ஒரே நாவலில் பதினோரு அஸ்தமனங்கள் இருப்பதாக ஒரு வாசகி எண்ணி எழுதியிருந்தார். ஒன்றைக்கூட அவர் படித்ததாகக் குறிப்பிடவில்லை.

தாயில்பட்டிக்குத் திரும்புவோம். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பட்டாசு, பிறகு அச்சு என்று அந்த வானம் பார்த்த பூமி பிழைத்துக்கொண்டது. காலண்டரும் டைரியும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும் அங்கே தயாராகின்றன. அந்த முயற்சியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தத் தொழில்களில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கூலி. பெட்டி ஒட்டினால் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் 144. சட்டத்தில் குச்சி அடுக்கினால் சட்டக் கணக்கு. சரம் பின்னினால் சரக் கணக்கு. அந்தக் கணக்கில் குழந்தைகளின் விரல்களும் வெகுகாலம் இருந்தன. சின்ன விரல் வேகமாக எண்ணும். 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிற்று; சிவகாசியைப் பற்றிய வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு. ஆபீஸுக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அதே விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. பெருமைப்பட வேண்டிய செய்திதான், நான் பெருமைப்படுகிறேன். இருந்தாலும் அதுவும் ஓர் எண். அந்த எண்ணுக்குள் இருக்கிற பிள்ளை என்ன எழுதிற்று என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த மாலை நேரத்துக்கு வருகிறேன். என்னுடைய வாக்கியம் பயன்படவில்லை என்று கண்ட என் மைத்துனி, அவர் கையிலிருந்த நோட்டை வாங்கினாள். கடைசியாக எழுதிய பக்கத்தை விரித்து, "இதைப் படிச்சுப் பாருங்க, அண்ணாச்சி" என்று கொடுத்தாள். 'எங்கள் வீட்டில் ஓர் இரவு' என்று அவள் கொடுத்த தலைப்பு. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவராம். எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. நானும் எட்டிப் பார்த்தேன்.

'எங்கள் அப்பா தூக்கத்தில் எண்ணுவார். நூற்று நாற்பத்து நான்கு வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி ஒன்று என்று ஆரம்பிப்பார். ஒரு நாள் நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன்.'

ஒரே ஓர் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தாள். முதல் வரிக்கு நேரே ஓரத்தில், 'என்ன எண்ணுவார்?' என்று ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள்.

அவர் நெடுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பட்டாசு ஆலையில் லாரிக்குச் சுமை ஏற்றுகிற வேலை என்று பிறகுதான் தெரிந்தது.

"இப்பப் பாக்குற வேலையில குரோஸ் கணக்கெல்லாம் கிடையாது, டீச்சர்" என்றார். "இது சின்னப் பிள்ளையில எங்க அம்மாகூட உக்காந்து ஒட்டுன பெட்டி. அது பிள்ளைக்குத் தெரியாது."

அந்த ஓரத்துக் கேள்வியின்மேல் அவர் விரல் இருந்தது.

"இதுக்குப் பதில் எழுதணுமா அவ?"

"கேட்டா சொல்லுங்க, அண்ணாச்சி."

நோட்டை மூடி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் மைத்துனிக்கு முன்னால் இன்னும் முப்பத்தெட்டு நோட்டுகள் இருந்தன. கடைசி பஸ் போய்விடும் என்று நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். "ஒவ்வொன்றும் ஐந்து வரிதானே" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.